ஆள்காட்டி காட்டிய ஆள்

ஆள்காட்டிக் குருவி மேய்ச்சல் தரையில் வெறும் மண்ணில் முட்டையிடும், பெரும்பாலும் 4. கூடு என்று சொல்ல நாலு கூழாங்கல். மாடு கிட்டே வந்தால் றெக்கை விரித்துக் கத்தும். மாடும் மரியாதையாக விலகும். நெதர்லாந்தில் இப்படித் தரையில் முட்டையிடும் பறவைகள் குஞ்சு பொரிக்கும்வரை புல் அறுக்காத பால்பண்ணைக்காரருக்குப் பணமே தருகிறார்கள். நம் விழுப்புரம் மாவட்டமும் சளைத்ததல்ல: கழுவேலி சதுப்புநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலேறியது. சரணாலய எல்லைக்கு வெளியே, திண்டிவனம் பக்கம் முட்டையிட்ட குருவிக்குத்தான் பட்டா இல்லை. மனைக்கல் நட வந்தவரைப் பார்த்தும் அது கத்தத்தான் கத்தியது. மாடு விலகியது, மனிதர் விலகவில்லை. ஐந்தறிவு, ஆறறிவு என்று பிரித்தவர்கள் கணக்கை இன்னொரு முறை சரிபார்க்கலாம்.