கன்னத் தூரம்: கம்பம் பள்ளத்தாக்கின் ஜாஸ் இரவுகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஜாஸ் இரவு எனப்படுவது யாது? மங்கலான வெளிச்சம், நெருக்கியடித்த நாலைந்து மேசை, மூலையில் ஒரு பியானோ, கண்ணை மூடித் தலையாட்டும் சிலர் என்று நகரத்தார் இலக்கணம் வகுப்பர். இவற்றில் ஒன்றும் போடியிலோ சின்னமனூரிலோ இல்லை. ஆகவே தேனி மாவட்டத்தில் ஜாஸ் இல்லை என்றும் முடிப்பர். அற்றன்று. அது தட்டுமுட்டுச் சாமான்களுக்குச் சொன்ன இலக்கணம். நியூயார்க்கில் 1935இல் தொடங்கிய வில்லேஜ் வான்கார்டு என்ற ஜாஸ் அரங்கு ஒரு நிலவறை. 123 பேருக்கு மேல் இடமில்லை. நியூ ஆர்லியன்ஸில் 1961இல் பிறந்த பிரிசர்வேஷன் ஹாலோ மேசையும் மதுவும் இல்லாமலே பேர் வாங்கியது. பலகையில் உட்காரலாம், இல்லையேல் நிற்கலாம். இரண்டையும் உரித்துப் பார்த்தால் பொதுவாக மிஞ்சுவது, ஊதுகிறவரின் கன்னம் உப்புவது கடைசி ஆளுக்கும் தெரியும் என்பதுதான். டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியின் கன்னம் தவளைத் தொண்டைபோலப் புடைப்பதைப் படத்தில் பார்த்தவர்கள் இந்த அளவையின் நுட்பத்தை உணர்வார்கள். கன்னம் கண்ணுக்குத் தெரியும் எல்லையை இக்கட்டுரை ‘கன்னத் தூரம்’ என்று வழங்கும். அதற்குள் உட்கார்ந்தவர் முகம் சுளித்தால் வாசிப்பு மாறும். அப்படி மாறுகிற இசை நடக்கும் இரவே ஜாஸ் இரவு.

இந்த அளவுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு சித்திரை, வைகாசியில் பள்ளத்தாக்குக்குள் இறங்குவோம். உத்தமபாளையம் பக்கம் ஏதேனும் ஓர் அம்மன் கோயில் முன்னால், ராத்திரி பத்து மணிக்கு மேல், நையாண்டி மேளம் களைகட்டும். செட்டுக்குச் செட்டு மாறினாலும் நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, உறுமி, தாளம் என்பது ஏறக்குறையக் கணக்கு, நடுவில் கரகாட்டம். எழுதிவைத்த சுரத்தாள் எவரிடமும் கிடையாது. ஆட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தவில்காரர் கரகக்காரரின் காலைப் பார்த்துத்தான் அறிகிறார். ஒரு தவில் ஒன்றைக் கேட்கும்; அடுத்த தவில் அதையே கொசுறு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கும். ஜாஸிலும் நாலு நாலு அளவாக மாற்றி மாற்றி வாசித்து மல்லுக்கு நிற்பார்கள். இங்கே தோற்றவர் சிரித்துவிடுகிறார் என்பதே வேறுபாடு. இடையில் முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து பத்து ரூபாய்த் தாளை நீட்டி ஒரு சினிமாப் பாட்டைக் கேட்பார். நாதசுரம் இருந்த இடத்திலிருந்தே அங்கே வளைந்து போகும். நீட்டிய தாளின் மதிப்புக்கும் வாசித்த பாட்டின் நீளத்துக்கும் உள்ள விகிதம் தனி ஆய்வுக்குரியது. இங்கே விரிக்கின் பெருகும்.

சினிமாப் பாட்டு எப்படி ஜாஸ் ஆகும் என்பாரும் உளர். ஜான் கோல்ட்ரேன் 1960இல் பதிவுசெய்த ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ எங்கிருந்து வந்தது? முந்தைய ஆண்டு பிராட்வேயில் அரங்கேறிய நாடகத்துப் பாட்டு அது. அதைப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்து ஊதினார். ஊதிய சோப்ரானோ சாக்ஸபோனும் நேராக நீண்டு கீழே விரிந்து, பார்வைக்கு நாதசுரத்தின் ஒன்றுவிட்ட தம்பி. சரி, ஜாஸுக்குக் கார்டுகள், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக் கொத்துகள், உண்டே, மேளத்துக்கு வெறும் சுருதிதானே என்பது அடுத்த தடை. வலுவான தடை. ஆயினும் 1959இல் மைல்ஸ் டேவிஸ் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் கார்டுகளின் நெரிசலைக் குறைத்து, ஒரே சுர வரிசையில் நெடுநேரம் உலாவினார். அவர் நம் பக்கம் பாதி வழி வந்துவிட்டார். மீதிப் பாதிக்கு இங்கிருந்து ஒருவர் போனதைக் கீழே காண்க. கூட்டம் பற்றிய தடைதான் சிக்கல். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வருகிறவர்களை எந்த நிலவறையில் அடைப்பது? எல்லாரையும் எண்ணலாகாது என்பது விடை. ராட்டினத்தில் சுற்றுகிறவரும், முல்லையாற்றில் கால் நனைக்கிறவரும், மிளகாய் பஜ்ஜிக்கு முண்டுகிறவரும் கன்னத் தூரத்துக்கு அப்பால். மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்த வட்டத்தை மட்டும் எண்ணினால் வான்கார்டின் கணக்கு பக்கத்தில் வரும். இரைச்சலையும் குற்றமாகச் சொல்வர். பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் 1961 ஜூன் 25 அன்று அதே வான்கார்டில் பதிவுசெய்ததில் கண்ணாடிக் குவளைகள் உரசுவது நன்றாகவே கேட்கிறது. அதை ரசிகர்கள் சூழல் என்று சிலாகிக்கிறார்கள். நம் டீ கிளாசுக்கும் அதே நீதி வேண்டும். கூம்பு ஒலிபெருக்கிக்கு மட்டும் விடை கிடையாது. அந்த இடத்தில் கோட்பாடு நொண்டுகிறது, ஒப்புக்கொள்வோம்.

ஊதுகருவியே இல்லாத சான்று கேட்பவர்க்குப் பண்ணைப்புரத்தைக் காட்டுவோம். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல். போடிமெட்டு ஏறினால் வரும் அந்தத் தொகுதி, தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் நிறைந்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் அங்கே பாடினார், ரோசம்மா வென்றார். ஊர் அறிந்த சினிமா மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் கட்சிக்கு மாற்றுவது பாவலர் வழக்கம். பீபாப் என்ற ஜாஸ் வகையின் வாத்தியக்காரர்கள் செய்தது இன்னொரு தினுசு: பழைய பாட்டின் கார்டு வரிசையை வைத்துக்கொண்டு மெட்டை மாற்றினார்கள். பழையது கேட்பவர் காதில் ஏற்கெனவே ஓடுகிறது, அதனால்தான் புதியது சுருக்கென்று தைக்கும் என்ற கணக்கு இருவருக்கும் ஒன்றே. அப்படித் தைத்ததா இல்லையா என்பதை எதிரே இருப்பவர் முகத்தில்தான் படிக்க முடியும். இங்கே கன்னம் எது எனின், ஆர்மோனியத்தின் துருத்தி என்க. பாவலரின் குழுவில் வளர்ந்த அவர் தம்பி இளையராஜா பிற்பாடு சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, கார்டுகளையும் கைவசப்படுத்தினார். மீதிப் பாதி வழி என்று மேலே சொன்னது இதுவே. கார்டு போட்டு அவர் அமைத்த பாட்டையும் இன்று யாராவது ரூபாய்த் தாளை நீட்டிக் கேட்கத்தான் செய்வார். நாதசுரக்காரர் கார்டை உதிர்த்துவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வார்.

இனி எஞ்சுவது பெயர்த் தடை. பள்ளத்தாக்கில் எவரும் இதை ஜாஸ் என்று சொல்வதில்லையே? ஜாஸ் என்ற சொல்லே 1912–13இல் கலிபோர்னியாவின் பேஸ்பால் செய்திகளில் தலைகாட்டி, பிறகு இசைமேல் ஒட்டிக்கொண்டது. டியூக் எலிங்டனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவும் இல்லை. நையாண்டி என்றாலோ கேலி. ராஜமேளத்தின் கம்பீரத்துக்கு எதிரே பல்லைக் காட்டி நிற்கிற பெயர். இரண்டில் எது பொருத்தம் என்று அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஊர்க்கூட்டத்தில் இந்த வருஷம் எந்த ஊர் செட்டு என்று மட்டும் கேட்டுவிட்டு, வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்தனுப்புகிறார்கள்.