அடக்கமான பயணம்

பெங்களூரு மடிவாளாவில் ஏறும் பயணிக்கு சொகுசுப் பேருந்து கம்பளி தருகிறது, செல்போன் சார்ஜ் போட வசதி தருகிறது, தண்ணீர் பாட்டிலும் தருகிறது. குடித்ததை இறக்கி வைக்க மட்டும் இடமில்லை. விவரமான பெண்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அவர்களுக்குப் புளியமரத்தடி சலுகை கிடையாது.

கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒருகாலத்தில் ‘ஐராவத் பிளிஸ்’ என்று கழிப்பறையோடு வால்வோ விட்டது. இந்திரனின் யானைப் பெயருக்கேற்ற பெருந்தன்மை!

1909-இல் அகமத்பூர் ரயில் நிலையத்தில் ஒதுங்கப்போன ஒகில் சந்திர சென் என்ற பயணியை விட்டுவிட்டு ரயில் கிளம்பியது. அவர் எழுதிய புகார்க் கடிதம் இன்றும் பிரசித்தம். அந்த ரயிலாவது நின்றது. இங்கே ஆம்னி பஸ், ஓட்டுநருக்கு ஓசிச் சாப்பாடு கிடைக்கும் மோட்டலில்தான் நிற்கும். நடுவில் கெஞ்சினால், “கிருஷ்ணகிரி டோல் தாண்டட்டும் சார்” என்பார் கிளீனர். பஸ்ஸுக்கு ஃபாஸ்டேக் இருக்கிறது. மூத்திரப்பைக்கு இன்னும் கொடுக்கவில்லை.