ஒரு கெஜத்துக்கு ஒம்பது ரோசனை

வா கண்ணு, உக்காரு. திங்கக்கெழம வெடியால அஞ்சு மணிக்கே எந்திரிச்சு அமெரிக்காக்காரன் பந்தாட்டம் பாக்குறியாமா? சூப்பர் பௌலாமா? பாரு பாரு, பரீச்சைக்கு எந்திரிக்காத புள்ள பந்துக்காவது எந்திரிக்குதே! பாக்குறதுல தப்பில்ல. பாத்துப்போட்டுப் பேசறே பாரு, அதத்தான் காது குடுத்துக் கேக்க முடியல. 'ஸ்கீம்'ங்கறே, 'அனலிட்டிக்ஸ்'ங்கறே, 'ரன்னிங் பேக்குக்கு இப்பல்லாம் மதிப்பே இல்லீங்க தாத்தா'ங்கறே. ஆருடா சொன்னது? கம்ப்யூட்டரா? அது என்னைக்காவது பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடியிருக்குதா?

ஆட்டம் என்ன பெரிய கம்பசூத்திரமா? இக்கட்டால பதினோரு பேரு, அக்கட்டால பதினோரு பேரு. நாலு வாய்ப்புக்குள்ள பத்து கெஜம் முன்னால போவோணும். போயிட்டா மறுக்கா நாலு வாய்ப்பு. குவார்ட்டர்பேக்குங்கறவன் பந்தை வாங்குவான். வாங்கித் தூரமா எறிவான், இல்லீன்னா பக்கத்துல நிக்கற ரன்னிங் பேக்கோட வவுத்துல திணிப்பான். திணிச்ச பந்தோட அவன் தலையக் குனிஞ்சுட்டுக் கூட்டத்துக்குள்ள பூந்து ஓடோணும். இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்குது? ஆனா எச்சாப் படிச்சவங்க கையில சிக்கட்டும், வெந்நி வெக்கறதுக்குக்கூட ஒரு கூட்டம் போட்டுப் பேசுவாங்க.

நடந்ததைச் சொல்றேன், கேளு. 2015 பிப்ரவரி 1, அரிசோனாவுல சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். சியாட்டில் சீஹாக்ஸும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும். சியாட்டில் நாலு பாயிண்டு பின்னால நிக்குது. கோட்டைத் தாண்ட ஒரே ஒரு கெஜம் பாக்கி. மூணடி, கண்ணு! நீ கால் தடுக்கி விழுந்தாலே தாண்டிப்போடுவே. கையில மூணு வாய்ப்பு இருக்குது. கெடிகாரத்துல 26 விநாடி. டைம் அவுட்டும் ஒண்ணு மிச்சம். ஓடறதுக்கு நிக்கறது ஆரு? மார்ஷான் லிஞ்ச்.

அவன் சாமானியப்பட்டவனா? 2011 சனவரியில நியூ ஆர்லியன்ஸ்காரங்களோட மோதறப்ப, புடிக்க வந்தவனையெல்லாம் உதறித் தள்ளிப்போட்டு 67 கெஜம் ஓடுனான். சனம் குதிச்ச குதியில பக்கத்துல இருந்த நில அதிர்வுக் கருவியே ஆடிப்போச்சு. அரிசோனாவுலயும் அன்னைக்கு நூறு கெஜத்துக்கு மேல ஓடிட்டான். அந்த ஒரு கெஜத்துக்கிட்ட பந்தைக் கொண்டாந்து வெச்சதே அவன்தான். முந்துன வாய்ப்புல நாலு கெஜம் முட்டித் தள்ளிட்டு வந்தான்.

அப்ப என்ன பண்ணோணும்? உன்ற பாட்டியக் கேட்டாலும் சொல்லுவா, பந்தை அவன்கிட்டக் குடுன்னு. ஆனா பயிற்சியாளர் பீட் கேரலுக்கும் அவரு ஆளுங்களுக்கும் அது ரொம்ப லேசாத் தெரிஞ்சுருக்குமாட்ட இருக்குது. எறியச் சொல்லிட்டாங்க. ரஸ்ஸல் வில்சன் எறிஞ்சான். எதிர்ல மால்கம் பட்லர்னு ஒரு புதுப்பையன். புது ஆளுங்களப் பொறுக்கி எடுக்கற டிராஃப்டுல ஒரு அணியும் சீந்தாத பையன். இதே மாதிரி எறியறப்பப் பயிற்சியில ஏமாந்தவன். ரெண்டாந்தடவையும் ஏமாறுவானா? வெடுக்குனு குறுக்க பூந்து பந்தை அமுக்கிப்போட்டான். 28-24. முடிஞ்சுது சோலி.

கணக்குப் புள்ளைங்க உடுவாங்களா? உடனே காயிதத்தை நீட்டறாங்க. 'எறிஞ்சு தவறுனா கெடிகாரம் நின்னுருமுங்க, மிச்ச வாய்ப்புக்கு நேரம் கெடைக்குமுங்க. அந்த வருசம் லிஞ்ச் ஒரு கெஜத்துல இருந்து அஞ்சு தடவை ஓடி ஒருக்காத்தானுங்க தாண்டுனான்.' சரி, காயிதம் பொய் சொல்லல. எறியறதுன்னே வெச்சுக்குவோம். எறியறதுக்கு முன்னால லிஞ்சுகிட்டக் குடுக்கறாப்பல ஒரு பாவ்லா காட்டுனா என்ன, கை தேஞ்சா போயிரும்? எதிர்ல நிக்கறவன் அத்தனை பேரும் அவனுக்குப் பயந்துட்டுத்தானே நிக்கறான்? அந்தப் பயத்தை அன்னைக்குச் செலவு பண்ணாம ஆருக்குச் சேத்து வெச்சாங்க?

ரன்னிங் பேக்கோட கூலி விசயம் இதை உடக் கூத்து. கன்னபுரம் மாட்டுச் சந்தையில தரகன் வாயைப் பொளந்து பல்லு எண்ணுவானே, அதே சோலிதான் அங்கயும். இருவத்திரெண்டு வயசுல புடிச்சாருவாங்க. முதல் ஒப்பந்தம் முடியற வரைக்கும் வருசத்துக்கு இருநூறு தடவை, முந்நூறு தடவை மோத உடுவாங்க. அவன் 'இனி நல்ல கூலி குடுங்க'ன்னு வாயத் தொறந்ததும், தொறந்த வாய்க்குள்ள பல்லை எண்ணுவாங்க. 'அடடா, இருவத்தாறு ஆயிப்போச்சே!'

டாட் கர்லின்னு ஒருத்தன். 2017-ல லீக்குலயே சிறந்த தாக்குதல் ஆட்டக்காரன்னு பட்டம் வாங்குனான். மக்கா வருசமே ராம்ஸ் அணி நாலு வருசத்துக்கு 5.75 கோடி டாலர்னு எழுதி நீட்டுச்சு. முட்டி தேஞ்சுது. 2020 மார்ச்சுல கழட்டி உட்டுட்டாங்க. வயசு 25. உனக்கு இன்னும் பொண்ணே பாக்க ஆரம்பிக்கல, அவனுக்குப் பொழப்பே முடியற காலம்! அதைக் காட்டித்தான் 'ரன்னிங் பேக்குக்குக் காசு குடுக்காதே'ன்னு ஊரெல்லாம் வேதம் ஓதுச்சு. தேய உட்டது ஆருன்னு ஒருத்தனும் கேக்கல.

குடுத்தும் வீணாக்குனவங்க உண்டு. டிமார்கோ முர்ரே 2014-ல டாலஸ் அணிக்கு 392 தடவை ஓடி 1,845 கெஜம் சேத்தான். பிலடெல்பியா ஈகிள்ஸ் ஆசைப்பட்டு வாங்குச்சு. 2015-ல அங்க எத்தனைன்னு நெனைக்கறே? 702. கால் அதே கால்தான். டாலஸ்ல குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால தள்ளி நின்னு, வேகம் புடிச்சு நேரா வந்து முட்டறவன். இங்க பக்கத்துல நிறுத்தி, நின்ன எடத்துல இருந்து பக்கவாட்டுல ஓடுன்னாங்க. ஆடிக் கறக்கற மாட்டை ஆடித்தான் கறக்கோணும், பாடிக் கறக்கற மாட்டைப் பாடித்தான் கறக்கோணும். இதுக்கெல்லாமா கம்ப்யூட்டரு?

அதே பிலடெல்பியா ஒம்பது வருசங்கழிச்சுத் திருந்துச்சு. நியூயார்க் ஜயண்ட்ஸ்ல சாக்வான் பார்க்லி இருந்தான். 2023-ல 962 கெஜந்தான் ஓடுனான். இவனுக்கு இனி எதுக்குக் கொட்டிக் குடுக்கோணும்னு உட்டுட்டாங்க. பக்கத்தூட்டுப் பங்காளியாட்ட வருசத்துக்கு ரெண்டு தடவை மோதற ஈகிள்ஸ், மூணு வருசத்துக்கு 3.775 கோடி டாலர்னு கூட்டியாந்துச்சு. 2024-ல அவன் ஓடுனது 2,005 கெஜம்! புதுசாக் கால் மொளைச்சுதா? அதெல்லாம் இல்ல. முன்னால வழி வெட்டுறதுக்கு அஞ்சு குண்டனுங்க கெடைச்சாங்க. அதுல ஜோர்டன் மைலாட்டான்னு ஒருத்தன், ஆஸ்திரேலியாவுல ரக்பி ஆடிட்டு இருந்தவன். ஆறடி எட்டங்குலம், 165 கிலோ. அவன் தள்ளி உட்ட சந்துல பூந்து போறதுக்கு எந்த அனலிட்டிக்ஸ் வேணும்?

அவிங்க புத்திசாலித்தனம் இன்னொண்ணு சொல்றேன். 1984-ல எரிக் டிக்கர்சன் ஒரே பருவத்துல 2,105 கெஜம் ஓடுனதுதான் இன்னைக்கும் சாதனை. பார்க்லிக்குப் பாக்கி நூத்தியொரு கெஜம். கடைசி ஆட்டம், அவனை வேண்டாம்னு உட்ட அந்தப் பழைய அணி கூடத்தான். நீயா இருந்தா என்ன பண்ணுவே? போட்டோக்காரனுக்குச் சொல்லி அனுப்புவே. பயிற்சியாளர் நிக் சிரியானி அவனைச் 'சும்மா உக்காரு'ன்னுட்டார். பேரு வாங்கறதுக்கா ஆள் வெச்சாங்க, கோப்பை வாங்கறதுக்குத்தானே?

வாங்குனாங்க. 2025 பிப்ரவரி 9, சூப்பர் பௌல்ல கேன்சஸ் சிட்டியை 40-22-ன்னு அடிச்சு நொறுக்குனாங்க. அன்னைக்கு பார்க்லி எவ்வளவு ஓடுனான்? 25 தடவை பந்தை வாங்கி வெறும் 57 கெஜம். காயிதத்தைப் பாத்தா 'பய சொதப்பிட்டான்'னு எழுதுவே. அட மக்கு! அக்கட்டால நின்னவனெல்லாம் இவனைத் தடுக்கறதுலயே குறியா நின்னான், ஜேலன் ஹர்ட்ஸ் நோகாம எறிஞ்சும் ஓடியும் முடிச்சுப்போட்டான். பத்து வருசத்துக்கு முந்தி சியாட்டில் செலவு பண்ணாத பயத்தை இவிங்க முழுசாச் செலவு பண்ணுனாங்க.

அதனால கண்ணு, அடுத்த தடவை பாக்கறப்ப பந்து பொறத்தாண்டியே கண்ணை ஓட உடாதே. குனிஞ்சு நிக்கற அந்த அஞ்சு குண்டனுங்க காலைப் பாரு. கால் முன்னால போனா நீ பூந்து ஓடுனாலும் ரெண்டு கெஜம் தேறும். பின்னால வந்துச்சுன்னா, லிஞ்சே வந்தாலும் வாயில மண்ணுதான்.