சமாதான வாத்தியார்

கள்ளக்குறிச்சியில் தெருவுக்கு ஒரு சமாதான வாத்தியார் உண்டு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவராக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. சர்க்கரை ஆலையிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம். சட்டைப்பையில் இரண்டு பொறை, தோளில் ஒரு பழைய துண்டு, இந்த அடையாளங்களோடு காலை நடைக்குப் போகிறவர் என்றால் அவரேதான். பொறை நாய்களுக்கு. துண்டுக்குத் தனிக் கதை உண்டு.

ஏற்கெனவே ஒரு பிராணி வளரும் வீட்டில் இன்னொன்று வந்து இறங்கினால், காபி கலக்கும் நேரத்துக்குள் வாத்தியார் வாசலில் நிற்பார்.

"நாய் இருக்கிற வீட்ல பூனையைக் கூடையோட கொண்டாந்து நடுக்கூடத்துல தொறந்துட்டீங்களா? என்னம்மா இது! பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே யாராவது தாலி கட்டுவாங்களா?"

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து இந்த மாவட்டத்தைப் பிரித்துக் கொடுத்தது அரசாங்கம். பிரிப்பது அரசாங்கத்தின் வேலை, சேர்த்துவைப்பது தன் வேலை என்பது அவர் எண்ணம்.

வித்தை தெரியாதவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. நாய் வாலாட்டினால் சிநேகம். பூனை வாலை விசிறி விசிறி அடித்தால் எரிச்சல். நாய் மல்லாந்து படுத்தால் சரணாகதி. சண்டையில் பூனை மல்லாந்தால் நான்கு காலிலும் நகத்தோடு தயார் என்று பொருள். ஒன்று சொல்வது மற்றொன்றுக்குத் தலைகீழாக விளங்குவதால்தான் மூக்கில் ரத்தம் வருகிறது. ஆகையால், பார்வைக்கு முன்னால் வாசனை என்பது வாத்தியாரின் முதல் விதி. தோளில் இருக்கும் துண்டால் பூனையைத் துடைத்து நாய் படுக்கும் சாக்கில் போடுவார். நாயைத் துடைத்ததைப் பூனையிடம் கொண்டுபோவார். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சோறு. நாலைந்து நாள் கழித்துக் கதவை ஒரு சாண் திறக்கலாம். அப்போதும் நாய் சங்கிலியில்தான். பூனை ஏறித் தப்பிக்கப் பரணில் இடம் விட்டிருக்க வேண்டும்.

எல்லாம் சரிதான். ஆனால் இந்த நாட்களில் சாமான் அறை பூனைக்கு, கூடம் நாய்க்கு, திண்ணை குடும்பத்துக்கு என்று ஆகிவிடும். உளுந்து எடுக்கப் போகும் அம்மாவும் வாத்தியாரிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

கோழி சங்கதியில் அவருடைய ஞானம் இன்னும் ஆழம். வான்கோழியையும் நாட்டுக்கோழியையும் ஒரே கொட்டகையில் அடைக்க அவர் ஒப்பமாட்டார். கோழி லேசாகத் தாங்கிக்கொள்ளும் கருந்தலை நோய், வான்கோழியைச் சாய்த்துவிடும். வாத்து முட்டையை மட்டும் அடைக்கோழிக்கு வைக்கலாம் என்பார். கோழிக்கு 21 நாள் கணக்கு, வாத்துக்கு 28. அந்த ஒரு வாரமும் சேர்த்துக் கோழி மல்லுக்கட்டி உட்கார்ந்திருக்கும். பொரித்து வந்ததும் முதலில் கண்ணில் பட்டவளே தாய் என்று வாத்துக்குஞ்சுகள் அவள் பின்னாலேயே போகும். இதை ஆராய்ந்த கொன்ராட் லொரென்ஸுக்கு 1973-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் வாய்க்காலைக் கண்டதும் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கிவிட, கரையில் நின்று அந்தத் தாய் போடும் கூச்சலுக்கு யாரும் பரிசு தரவில்லை.

அவர் கைவிரிக்கும் இடமும் உண்டு. யாராவது பச்சைக்கிளியோடு வந்தால் இரண்டடி பின்வாங்குவார். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்க் கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். "நாய்க்கு நான் அறிமுகம் பண்ணி வைக்கறேன். உங்களுக்கு வனத்துறைக்காரங்க அறிமுகம் பண்ணிக்குவாங்க." ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லவ் பேர்ட்ஸுக்குச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் பூனையின் பல் லேசாகப் பட்டாலே, எச்சிலில் இருக்கும் கிருமி அந்தக் குருவியை முடித்துவிடும். சில உறவுகளுக்கு நடுவே கம்பிவலை ஆயுசுக்கும் இருக்கட்டும் என்பது அவர் தீர்ப்பு.

வாத்தியாருக்குப் பிடிக்காத நாள் ஜூலை 6. 1885-ல் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட நாள் அது. அதை நினைவில் வைத்து அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுவார்கள். துண்டு மாற்றல், தட்டு மாற்றல் எதுவும் இல்லாமல் ஊரிலுள்ள அத்தனை நாயும் ஒரே வரிசையில் நிற்கும். ஊசி அவசியம்தான். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி என்று தெருவுக்கே நினைவூட்டுகிறவரும் அவர்தான். ஆனால் அந்த வரிசையைப் பார்த்தால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

இப்படிப்பட்டவர் ஒரு தடவை கல்வராயன் மலை ஏறினார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைப் பக்கம் மலையாளிப் பழங்குடியினர் வீடு ஒன்றின் வாசல். சாமை காய்கிறது. நாய் தூங்குகிறது. அதன் வயிற்றோரம் பூனை. நாயின் முதுகில் ஏறி இறங்கும் கோழிக்குஞ்சுகள். பக்கத்தில் ஆட்டுக்குட்டி. வாத்தியார் துண்டை எடுத்தவர், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

"ஆயா, இதுங்களை எப்படிப் பழக்குனீங்க?"

"பழக்கறதா? எல்லாம் இங்கயே பொறந்ததுங்க சாமி. நாய்க்குட்டி ஒருக்கா குஞ்சை மோந்து பாத்துச்சு. தாய்க்கோழி மூக்குல ஒரு கொத்துக் கொத்துச்சு. அத்தோட சரி."

விஷயம் அவ்வளவுதான். நாய்க்குப் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை, பூனைக்கு இரண்டிலிருந்து ஏழு வரை: அந்த வயதில் எதையெதைப் பார்த்துப் பழகியதோ அதெல்லாம் சொந்தம். கீழே நாம் வளர்ந்த ராஜபாளையம் நாயை ஓர் ஊரிலும், ஆட்டை உளுந்தூர்பேட்டைச் சந்தையிலும், பூனையை அரிசி ஆலைக்காரரிடமும் வாங்கிக்கொண்டு வந்து ஒரே கூரைக்குள் விடுகிறோம். சொந்தமாகும் வயது தாண்டிவிட்ட பிறகுதான் நமக்கு வாத்தியார் தேவைப்படுகிறார்.

மலையிலிருந்து இறங்கியவர் தொழிலை விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பாடத்திட்டத்தைத்தான் திருத்தினார். "வாங்கறதுன்னா குட்டியிலயே வாங்குங்க" என்பது இப்போது முதல் விதி. துண்டு இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. கூடவே, குஞ்சோடு இருக்கும் கோபக்காரத் தாய்க்கோழி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். நாய்க்குட்டி வாங்கும் வீடுகளுக்கு அதை நாள் வாடகைக்கு விடுவதாகத் திட்டம். தீனி வாடகைக்காரர் பொறுப்பு. கொத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாதாம்.