சினை அணிலைத் தொட்டால் தெரியும் சேதி

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்குக் குளிக்கப் போகிற ஆண் சிங்கங்களுக்கு ஓர் எச்சரிக்கை. வனத்துறைச் சாவடிக்கு அப்பால் இருப்பது சும்மா காடு அல்ல. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அங்கே ஒரு சினை அணிலைக் கல்லால் அடித்துவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை. சாகடிக்க வேண்டும் என்பதில்லை, காயமே போதும். "ராத்திரி கொஞ்சம் போதை சார்" என்றால் விட மாட்டார்கள். அணில் நேரில் வந்து புகார் எழுதித் தரவும் வேண்டாம். "நீ ஏம்மா எதிர்த்துப் பேசுன?" என்று அணிலை யாரும் விசாரிப்பதுமில்லை.

கை அரிக்கிறதா? பொறுத்துக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள். அங்கே ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி சோறு ஆக்கிக்கொண்டிருப்பாள். அவளை அடித்தால் அது வேட்டை அல்ல, குடும்ப விஷயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. பழைய 498ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள், கூடவே 181 உதவி எண். இத்தனையையும் தாண்டி ஒருத்தி படியேறினால் கிடைக்கும் தீர்ப்பு நமக்கெல்லாம் மனப்பாடம்: "ஒரு புள்ள பொறந்துட்டா திருந்திருவான்மா, அனுசரிச்சுப் போ." பிறக்கப் போகிற பிள்ளைக்கு முதல் உத்தியோகம் போட்டாயிற்று, அப்பனைத் திருத்துவது. அதுவரை அது அடி தாங்கி உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் சின்னச் சிக்கல்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழ்நாட்டை மெச்சுகிறது. பிரசவம் ஏறக்குறைய எல்லாம் மருத்துவமனையில். அதே கணக்கெடுப்பில், 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களில் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள் இந்தியாவில் 29.3 சதவீதம், தமிழ்நாட்டில் 38.1. முன்னேறிய மாநிலம் அல்லவா, இதில் மட்டும் பின்தங்கலாமா?

கர்ப்பமாக இருந்தபோது அடிவாங்கியதாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க 3.1 சதவீதம். "மூணுதானே!" என்று பெருமூச்சு விடுகிற கனவான்களுக்காக அதே ஏட்டின் இன்னொரு பக்கம்: வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம். 77 சதவீதம் பேர் உதவியும் தேடவில்லை, ஒரு ஈ காக்கையிடமும் சொல்லவில்லை. சோறு சரியாக ஆக்காதது, சொல்லாமல் வெளியே போனது, எதிர்த்துப் பேசியது என்று ஏழு காரணங்களை நீட்டி, இதில் எதற்காவது அடிக்கலாமா என்று கேட்டபோது, நாட்டுப் பெண்களிலேயே 45 சதவீதம் பேர் அடிக்கலாம் என்றார்கள். ஆண்களில் 44. பாருங்கள், நம் ஆண்கள் ஒரு புள்ளி கருணை கூடியவர்கள்!

உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட பல நாட்டு ஆய்வு இன்னும் கொச்சையாகப் பேசுகிறது. கர்ப்பத்தில் அடிபட்டவர்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியவர்கள். அடித்தவர்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், அந்த வயிற்றிலிருந்த பிள்ளையின் அப்பன்மார். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று பழமொழி சொல்கிறவர்கள், உதைக்கிற கால் என்ன செய்யும் என்றும் சொல்லிவிட்டுப் போகலாம். நச்சுக்கொடி பிய்ந்து உதிரம் கொட்டும், பிள்ளை குறைமாதத்தில் விழும் என்கிறது மருத்துவம். வீட்டில் அதற்குப் பெயர் "பாத்ரூம்ல வழுக்கிட்டா". சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாட்டுக்கே பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஊர். கட்டுத் துணிக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை என்பதை வீரர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நமக்கோ பிள்ளைத்தாச்சி என்றால் உயிர். அரசாங்கமே வரிசையாக உட்கார வைத்து, சந்தனம் பூசி, சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வளையல் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்குமாம். அபிமன்யு சக்கர வியூகத்தையே வயிற்றிலிருந்து கற்றவன் என்று பூரிக்கிறோம். வளையல் உடைகிற சத்தத்தில் அந்தப் பிள்ளை என்ன பாடம் கற்கும் என்று எந்தப் பெரியவரும் மேடையில் பேசிக் கேட்டதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்க்கிறார்கள். மெச்ச வேண்டிய வேலை. மாத்திரையை விழுங்காவிட்டால் திட்டும் விழும். "வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா?" என்று கேட்க மட்டும் அட்டையில் கட்டம் இல்லை. தனிமையில், பதில் வந்தால் உதவவும் ஏற்பாடு செய்துகொண்டு, கர்ப்பப் பரிசோதனையில் இதைக் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே சொல்லிவிட்டது. கேட்டால் குடும்பம் கெட்டுப்போகும் என்று இங்கே பதறுகிறார்கள். ஏதோ அதுவரை கெடாமல் இருந்ததுபோல!

கட்டம் போடுவதற்கு ஒரு பேனா போதும். புருஷனையும் மாமியாரையும் ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம். "எம் பொண்டாட்டிகிட்ட எனக்குத் தெரியாம உனக்கு என்ன பேச்சு?" என்று அவர் கதவைத் தட்டுவார். அப்போது அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம் சிஸ்டர், கட்டத்தை நீங்களே நிரப்பிவிடுங்கள்.