தண்ணீர் தராதவர் போடும் அபராதம்

கொசுவைப் பற்றி நம் உள்ளாட்சி அதிகாரிகளுக்குத் தெரிந்த அளவுக்கு ரொனால்ட் ராஸுக்குக்கூடத் தெரிந்திருக்காது. பாவம் மனிதர், 1897-ல் செகந்திராபாத்தில் வேர்த்து விறுவிறுத்து, கொசுவின் வயிற்றை அறுத்து, நுண்ணோக்கியில் கண் பூத்துப்போய்த்தான் மலேரியா வந்த வழியைக் கண்டுபிடித்தார். நம்மவர்களுக்கு அந்தச் சிரமமே கிடையாது. காய்ச்சல் வந்துவிட்டதா? வீட்டுக்காரர்தான் குற்றவாளி, வாசலில் கிடக்கும் சிரட்டை தடயம். தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

2012 கோடையில் கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் டெங்கு பற்றிக்கொண்டது. அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம், 2019-லிருந்து தென்காசி மாவட்டம். மாவட்டம் பிரிந்தது, பலகை மாறியது. தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் மட்டும் வாசலில் அப்படியேதான் இருக்கிறது. அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் சாவு என்றது அரசுக் கணக்கு. கணக்கில் ஏறாத சாவுக்கு நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் பெயர் மர்மக் காய்ச்சல். எந்தக் கொசு, எங்கே முட்டையிடும், எத்தனை நாளில் பறக்கும் என்பது வரை பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த நோயில் என்ன மர்மம் வேண்டிக்கிடக்கிறது?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி சாக்கடைக் கொசு அல்ல. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், நாம் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கும் தண்ணீர்தான் அதற்குப் பிரசவ அறை. மூடாத சிமெண்டுத் தொட்டியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கியபடி, வால்நுனிக் குழாயை மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் புழு. நிழல் பட்டதும் நெளிந்து அடியில் போய்விடும். முட்டையோ தண்ணீரில் மிதக்காது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் கறுப்புப் பொடிபோல ஒட்டியிருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தொட்டியைத் தேய்த்துக் கழுவாமல் மறுபடி நிரப்பினால் பொரிந்துவிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். பல ஊர்களில் குழாயில் தண்ணீர் வருவதும் வாரத்துக்கு ஒரு தடவை, பத்து நாளைக்கு ஒரு தடவைதான். இப்படிக் கொசுவின் பேறுகாலம் பார்த்துக் குழாய் திறக்கும் நிர்வாகத்தை உலகில் வேறெங்கே காண முடியும்?

அதுவும் எந்த ஊரில்? கூப்பிடு தூரத்தில் குற்றாலம். ஆனியில் சாரல் தொடங்கினால் பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று மலை முழுக்கத் தண்ணீர் கொட்டுகிறது. அருவியில் வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை, அடுத்த நிமிஷம் டிவியில் செய்தி. கடையநல்லூருக்கு மேற்கே கருப்பாநதி அணை, செங்கோட்டைப் பக்கம் குண்டாறு, மேக்கரையில் அடவிநயினார். வெளியூர்க்காரர் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து குளித்துவிட்டுப் போக இருக்கும் தண்ணீர், உள்ளூர்க்காரி குடத்துக்கு மட்டும் முறை வைத்து வருகிறது. வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் பெண்ணிடம் அவள் கேட்கும் கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை: "தொட்டியக் கவுத்திருங்கன்னு சொல்லுதிய, சரி. தண்ணி இனி எப்ப வரும்னு சொல்லுவியளா?"

புழு பார்க்க வரும் அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அவளே தினக்கூலி. காய்ச்சல் ஏறினால் வேலை, இறங்கினால் வீட்டுக்குப் போ. இந்த மாநிலத்தின் கொசு ஒழிப்பு முழுவதும் அவள் தோளில் தொங்கும், புழுவைக் கொல்லும் அபேட் மருந்துப் பையில் இருக்கிறது. சம்பளம் கேட்டு அவள் தெருவில் உட்கார்ந்தால் மட்டும் போலீஸ் உடனே வரும்.

ஆராய்ச்சிக்குக் குறைச்சலா? புதுச்சேரியில் 1975 முதல் நோய்க்கடத்திகளுக்கென்றே ஒரு மத்திய நிறுவனம். மதுரையில் 1985 முதல் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு. 2012-ல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவிய டெங்கு-1 வைரஸ், பழைய இனத்தை ஓரங்கட்டிவிட்டு வந்த ஆசிய மரபுவகை என்று புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தார் மரபணுவைப் படித்துச் சொன்னார்கள். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொசுவுக்குள் ஏற்றிவிட்டால் டெங்கு வைரஸ் அதன் உடம்பில் எளிதில் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிச் செய்து டெங்குவை 77 சதவீதம் குறைத்தார்கள். புதுச்சேரியிலும் அப்படிப்பட்ட கொசு தயார் என்று 2022-ல் செய்தி வந்தது. எல்லாம் சரி. வைரஸின் பூர்வீகம் எது என்று சொல்ல ஆள் இருக்கிறது, தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

கேட்டால் கொசுப் புகை அடிக்கும் வண்டி வரும். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் பின்னால் ஓடும், வார்டு கவுன்சிலர் முன்னால் நிற்பார், போட்டோ எடுப்பார்கள். ஏடிஸோ அந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலும் சுகமாக உட்கார்ந்திருக்கும். தெருவில் அடிக்கும் புகை அங்கே எட்டாது. எட்டினாலும் பறக்கும் கொசுதான் சாகும், தொட்டிப் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. போட்டோ மட்டும் தெளிவாக விழும்.

சட்டமும் இருக்கிறது. 1939-ல் வந்த சென்னை பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவிலேயே முதல். கொசு வளர விட்டவர்மேல் நடவடிக்கை எடுக்க அதில் இடமுண்டு. அந்த நடவடிக்கை ஏழை வீட்டு டிரம்முக்கு ஓடோடி வரும், பஞ்சர் கடை டயருக்கும் வரும். காவல் நிலையத்து வளாகத்தில் பறிமுதல் வண்டிகள் மழையில் நனைந்து, சீட்டுப் பள்ளத்திலும் டயரிலும் தண்ணீர் தேங்கிக் கிடக்குமே, அங்கே மட்டும் வழி தெரியாமல் நின்றுவிடும். பாதியில் விட்ட அரசுக் கட்டடத்தின் தரைக்கும் அதே சலுகை. தண்ணீர் தர வேண்டியவர் தராததால் பிடித்து வைத்தவளுக்கு, தராதவரே அபராதம் போடும் இந்த நியாயத்தை வெட்கமில்லாமல் சுகாதார நடவடிக்கை என்று பெயர் வைத்துப் பத்திரிகைக்குத் தருகிறார்கள்.

தொட்டியை மூடுங்கள், வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அதில் வாதமே இல்லை. ஆனால் அபராத ரசீதோடு ஆள் வந்தால் பணத்தை எடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: எங்கள் தெருவுக்குக் கடைசியாக எந்தத் தேதியில் தண்ணீர் விட்டீர்கள், இனி எந்தத் தேதியில் விடுவீர்கள்? இரண்டையும் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.