விசைப்பலகைப் பாகப்பிரிவினை குறித்து ஒரு விஞ்ஞாபனம்

பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய கணினிச் சாதனங்களை வடிவமைத்து அனுப்பி அருளும் உயர்மட்டக் குழுவின் தலைவர் அவர்களுடைய மேலான சமூகத்திற்கு,

சிற்றூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணினிப் பாடம் நடத்திவரும் அடியேன் அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தை எழுதிக் கேட்க வேண்டிய அவசியமில்லை. சுற்றறிக்கைகள் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன.

சென்ற வியாழக்கிழமை ஆண்டாய்வின் நிமித்தம் எங்கள் பள்ளிக்கு விஜயம் செய்த அதிகாரி, மூன்று பாகங்களாகக் கழன்று மூன்று மாணவர்களின் மடியில் அமரவல்லதும், வேலை முடிந்தபின் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடுவதுமான தங்கள் குழுவின் புதிய விசைப்பலகையைக் கண்ணாரக் காண வேண்டுமென்றும், அதிலே பிள்ளைகள் மூவரும் சேர்ந்து தமக்கு ஒரு 'வணக்கம்' எழுதிக்காட்ட வேண்டுமென்றும் திருவாய் மலர்ந்தருளினார். இடப்பாகம் வாய்த்த பையன், அந்தச் சொல்லில் தன் கணக்கில் வருகிறவை முதலிலுள்ள 'வ'வும் கடைசியிலுள்ள புள்ளியும் மாத்திரமே என்பதை நன்கு அறிந்தவனாகையால், கடமையில் தாமதம் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு இரண்டையும் ஒரே மூச்சில் அடித்து முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். வலப்பாகத்துப் பையன் தனக்குரிய எழுத்துகள் நான்கையும் வரிசை பிசகாமல் அடித்தான். எண் பாகம் மட்டுமே கிடைத்த சிறுமி, பெரியவர் முன்னிலையில் சும்மா இருப்பது மரியாதையன்று என்று கருதித் தன்னால் இயன்றதாக 7 என்ற எண்ணைச் சேர்த்தாள். 'வ்ணக்கம7' என்று திரை அதிகாரியை வரவேற்றது. அவர் என்னைப் பார்த்தார், தலைமையாசிரியரைப் பார்த்தார், ஆய்வுப் பதிவேட்டை வாங்கி, 'கணினி ஆசிரியருக்குத் தமிழ்த் தட்டச்சில் போதிய பயிற்சி இல்லை, மாணவரிடையே கூட்டுறவு மனப்பான்மையை வளர்க்கத் தவறியுள்ளார்' என்று பச்சை மையில் எழுதினார். திங்கட்கிழமை மெமோ வந்தது. அதற்கு விளக்கம் எழுத உட்கார்ந்தவன், மெமோ கொடுத்தவரைக் காட்டிலும் பலகையைப் படைத்தவர்களிடம் விளக்கத்தைச் சமர்ப்பிப்பதே முறை என்று துணிந்து இதனை எழுதலானேன்.

முதற்கண் தங்கள் குழுவின் மேதையைப் போற்றியாக வேண்டும். மேல்நாட்டாரும் விசைப்பலகையைப் பிளந்திருக்கிறார்கள். 1993இல் ஆப்பிள் நிறுவனம் நடுவே விரியும் பலகை ஒன்றை விற்றது, மறுவருஷம் மைக்ரோசாஃப்ட் இரண்டு கைகளுக்கும் எழுத்துகளைத் தனித்தனியே சாய்த்து வைத்த பலகையைக் கொண்டுவந்தது. ஆனால் அவர்கள் பிளந்ததெல்லாம் ஒரே மனிதனுடைய இரண்டு மணிக்கட்டுகளும் நோகாதிருக்க வேண்டும் என்பதற்காகவே. அமெரிக்காவிலே ஷோல்ஸ் என்பவர் ஆங்கில எழுத்துகளை வரிசைப்படுத்திய காலந்தொட்டு, யாழ்ப்பாணத்துப் பெரியார் ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு விசைகள் அமைத்த காலம் வரையில், பலகை செய்தவர்கள் அனைவரையும் ஒரு மூடநம்பிக்கை ஆட்கொண்டிருந்தது. அடிக்கிறவன் ஒருவன், அவனுக்குக் கைகள் இரண்டு என்பதே அது. தாங்களோ அந்த அறியாமையைப் போக்கி, நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு, முடிவில் முன்சீப் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும் பாகப்பிரிவினை சாஸ்திரத்தையே கணினிக்குள் புகுத்திவிட்டீர்கள்.

பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன், பரம திருப்தி. 'அ' ஷெட்யூல்படி இடப்பாகத்தாருக்கு, கேப்ஸ் லாக்குக்குக் கிழக்கே ஐந்து நெடுவரிசை எழுத்து நிலமும், அதை அடுத்த ஸ்பேஸ் பார் என்னும் நீண்ட களமும். 'ஆ' ஷெட்யூல்படி வலப்பாகத்தாருக்கு, எஞ்சிய எழுத்துகளும் எண்டர் என்னும் வாசலும், பிறர் விதைத்ததை அழிக்கும் பேக்ஸ்பேஸ் பாத்தியமும். 'இ' ஷெட்யூல்படி கடைசிப் பங்காளிக்கு, வழக்கம்போல ஒன்றும் விளையாத எண் கரம்பு. இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் விட வேண்டுமானால் வலப்பாகத்தார் இடப்பாகத்தாரின் தயவை நாட வேண்டும்; வரியை முடித்துக் கீழே இறங்க வேண்டுமானால் இடப்பாகத்தார் வலப்பாகத்தாரின் தயவை நாட வேண்டும். கூட்டுறவு என்பது இதுவல்லாமல் வேறென்ன?

தமிழ்ப் பாடம் வந்தபோதுதான் பிரிவினையின் நுட்பம் முழுமையாக விளங்கிற்று. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டி வகுக்கப்பெற்று அரசின் அங்கீகாரமும் பெற்ற தமிழ்99 முறையில், உயிரெழுத்துகள் அனைத்தும் புள்ளியும் இடக்கைப் பக்கத்தில் இருக்கின்றன. வ, ங என்ற இரண்டு நீங்கலாகத் தமிழ் மெய்கள் அனைத்தும் வலக்கைப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு கைகளும் மாறி மாறி இயங்கினால் வேகம் பெருகும் என்பது வகுத்தவர்களின் யுக்தி. தாங்கள் நடுவே பிளந்தவுடன் உயிர் ஒரு வீட்டுக்கும் மெய் ஒரு வீட்டுக்குமாகப் போய்விட்டது. இனி, ஒருவர் உதவியுமின்றி அவரவர் பாகத்தைக்கொண்டே என்ன எழுதலாம் என்று பிள்ளைகள் ஆராய்ந்து கண்டார்கள். இடப்பாகத்தாரால் வா, வை, அவா, ஏவு, ஆவி ஆகியவற்றைப் பிழையின்றி எழுத முடிகிறது. வலப்பாகத்தாரால் கதற, பதற, தளர என்று எழுத முடிகிறது. ஒருவருக்கு ஏவும் உரிமை, மற்றவருக்குக் கதறும் உரிமை. ஒரு குடும்பம் நடத்தவோ ஓர் இலாகா நடத்தவோ இதற்கு மேற்பட்ட இலக்கியம் தேவையில்லை என்று தங்கள் குழு கருதியிருக்குமானால், அனுபவஸ்தர்களின் கருத்தை மறுக்க நான் யார்?

பங்காளிகளுக்குள் இன்னும் சில வில்லங்கங்கள் உண்டு. ஷிஃப்ட் விசையை மட்டும் இரு பாகத்துக்கும் பொதுச் சொத்தாக விட்டிருக்கிறீர்கள். வலப்பாகத்தான் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தானானால், இடப்பாகத்தான் அடிக்கும் 'ஆ' என்பது 'ஸ' ஆகிறது, 'ஈ' என்பது 'ஷ' ஆகிறது, 'ஊ' என்பது 'ஜ' ஆகிறது. இந்த விஞ்ஞாபனத்தில் வடவெழுத்துகள் சற்று மிகுந்து காணப்படுமாயின், என் பங்காளி இன்னும் ஷிஃப்ட்டிலிருந்து கையை எடுக்கவில்லை என்று தாங்கள் கொள்ள வேண்டுகிறேன். கணினி அசையாமல் நின்றுவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். கைத்தவறுதலாக நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டு கைகள் வேண்டும்படி அவற்றை ஐ.பி.எம். பொறியாளர் டேவிட் பிராட்லி தேர்ந்தெடுத்தார். சிக்கனத்தை முன்னிட்டு வலப்பக்கத்துக் கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் தாங்கள் நீக்கிவிட்டபடியால், இப்பொழுது இரண்டு கைகள் போதா, இரண்டு பங்காளிகளின் சம்மதம் வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பத்திரத்தில் பெயரே இல்லாத நான்காம் வாரிசு ஒருவர் வந்து பங்கு கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பலகைக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி இல்லை என்பதும், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகள் சந்திக்கும் இடங்களிலேயே விசைகள் அமைந்திருக்கின்றன என்பதும், ஒரு கட்டத்தின் மூன்று மூலைகள் ஒரே சமயத்தில் அழுந்தினால் நான்காவது மூலையும் அழுந்தியதாகவே கணினி மயங்கும் என்பதும் தாங்கள் அறியாதவையல்ல. ஒருவர் அடிக்கும்போது இது அபூர்வம். மூவர் அடிக்கும்போது இதுவே நித்திய கர்மம். விசைக்கு ஒரு டயோடு வைத்தால் மயக்கம் தீரும். வைக்காவிட்டால் யாரும் அடிக்காத எழுத்து திரையில் தோன்றும், அல்லது பலகையிலுள்ள சில்லு சந்தேகப்பட்டு மூன்றாவது பிள்ளையின் எழுத்தை விழுங்கிவிடும். போதாக்குறைக்கு, யு.எஸ்.பி. பலகைகள் பலவும் கைக்கொள்ளும் எளிய முறையில், ஷிஃப்ட் முதலிய துணை விசைகள் நீங்கலாக ஒரே வேளையில் ஆறு விசைகளைப் பற்றித்தான் கணினிக்குத் தெரிவிக்க இயலும். என் முன்னால் அமர்ந்திருக்கும் விரல்கள் முப்பது. டயோடு வைக்கும் செலவைத் தாங்கள் மிச்சப்படுத்தினீர்கள்; அந்த மிச்சத்தில் மூன்றுவர்ண அட்டைப்பெட்டியும், அதன்மேல் சிரிக்கின்ற மூன்று குழந்தைகளின் படமும் அச்சிட்டீர்கள். சிக்கனமும் கலையுணர்வும் ஒருங்கே அமைவது அரிது.

எண் பாகத்துச் சிறுமியைப் பற்றி ஒரு வார்த்தை. நம்லாக்கை அணைத்துவிட்டால் ஏழாம் எண் விசை வரியின் தொடக்கத்துக்குத் தாவும் விசையாக மாறுகிறது என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். மற்ற இருவரும் அரும்பாடுபட்டு ஒரு வாக்கியம் எழுதிவரும்போது அவள் அதை அழுத்துவாள். இரண்டு பேருடைய எழுத்தும் வரியின் தலைமாட்டில் போய் விழும். கண்டித்தேன். 'எனக்கு வேற என்ன சார் இருக்கு?' என்று கேட்டாள். பள்ளி திறந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை கணினி வகுப்புக்கு வருகிறது; தன் பெயரின் முதலெழுத்தைக்கூட அவள் தன் விரலால் அந்தத் திரையில் எழுதியது கிடையாது. ஏழாம் வகுப்பில் படிக்கிற பிள்ளை. கணினி கற்ற மாணவர் தொகையில் அவளும் ஒரு புள்ளியாகத் தங்கள் அறிக்கையில் இருக்கிறாள். இது சிக்கனமல்ல ஐயா, மோசடி. மூன்று பேருக்கு ஒரு கணினி கொடுத்துவிட்டு, அந்த ஒன்றையும் மூன்றாக உடைத்து, உடைத்ததற்குக் கூட்டுறவு என்று பெயர் வைத்து, அது ஓடவில்லையென்றால் வாத்தியாருக்கு மெமோ கொடுக்கிறீர்கள்.

க்ஷமிக்க வேண்டும். மேலே உள்ள வரிகளை நான் எழுதவில்லை. நான்காம் வாரிசு அடித்திருக்கக் கூடும். தங்கள் குழுவின் தீர்க்கதரிசனத்தில் எனக்குள்ள பக்தி எள்ளளவும் குறையவில்லை.

அந்தப் பக்தியின் பேரிலேயே ஒரு சந்தேகத்தைப் பிரஸ்தாபிக்கிறேன். 2006ஆம் ஆண்டு வாக்கில் பெங்களூரில் மைக்ரோசாஃப்டின் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள், நம் கிராமத்துப் பள்ளிகளில் ஒரே கணினியைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்து நிற்பதையும், அவர்களுள் வலுத்த பிள்ளை ஒன்றே மவுஸைப் பிடித்துக்கொள்வதையும் கவனித்து, ஒரே கணினியில் பல மவுஸ்களைப் பொருத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வர்ணத்தில் தனித்தனிச் சுட்டியைத் திரையில் ஓடவிட்டார்கள். அவர்கள் மவுஸை உடைக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். முழு மவுஸ் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். பிரித்தது திரையின்மேல் உள்ள உரிமையை. தாங்களோ விசைகளைப் பங்கிட்டுவிட்டு, எழுத்து விழும் இடமாகிய கர்சரை ஒன்றாகவே விட்டுவிட்டீர்கள். நிலத்தை மூன்றாக்கி, மூன்று பேருக்கும் ஒரே ஏரையும் ஒரே உழவுசாலையும் விட்ட பாகப்பிரிவினை இது. யார் அடித்த எழுத்து எது என்று கணினிக்குத் தெரியாதவரையில், பலகையை மூன்றாகக் கழற்றினாலும் முப்பதாகக் கழற்றினாலும் அதற்கு அது ஒரே பலகைதான். எதிரில் ஒரே ஆள்தான். அந்த ஆளுக்குத் தமிழ்த் தட்டச்சில் போதிய பயிற்சி இல்லை.

ஆகவே, தங்கள் திருவுள்ளம் இரங்குமாயின், அடுத்த பதிப்பில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தனி அடையாளத்தையும், திரையில் தனக்கென ஒரு கர்சரையும் அருள வேண்டும். இது ஆகாத காரியமல்ல. 2009இலேயே லினக்ஸ் கணினிகளின் திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வரில், ஒன்றுக்கு மேற்பட்ட பலகைகள் தனித்தனிச் சன்னல்களில் எழுதுவதற்கான ஏற்பாடு சேர்க்கப்பட்டுவிட்டது. பாதிப் பலகைதான் தருவோம் என்று விரதம் பூண்டிருப்பீர்களானால், அதற்கும் வழியுண்டு. கனடாவிலே எட்கர் மட்டாயஸ் என்பவர் 1990களின் தொடக்கத்திலேயே பாதிப் பலகையில் ஒரு கையால் முழு எழுத்துகளையும் அடிக்கும் முறையைக் காட்டியிருக்கிறார். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் இந்தப் பாதி விசைகளே மறுபாதியின் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாகத் தரும். அந்த முறையில் பங்காளி ஒவ்வொருவருக்கும் முழுச் சொத்தும் கிடைக்கிறது. இவையெல்லாம் குழுவின் ஆலோசனைக்கு உரிய பெரிய விஷயங்கள் என்று தோன்றினால், கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்கு உடையாத விசைப்பலகைகள் விற்கிறார்கள் என்பதையும், அவற்றைச் செருகுவதற்கான துளைகள் எங்கள் கணினிகளின் பின்புறத்தில் தூசி படிந்து காத்திருக்கின்றன என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இவற்றுள் எதற்கும் மனம் இசையாத பட்சத்தில் ஒரே ஒரு பிரார்த்தனை. தங்கள் குழுவின் அடுத்த கூட்டத்திற்கான பயணப்படிப் பட்டியலை, அலுவலகத்துத் தட்டச்சரிடம் கொடுக்காமல், தாங்களும் உறுப்பினர் இருவரும் இந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு தயாரித்தருள வேண்டும். எழுத்துகளைத் தங்களுள் இருவர் பகிர்ந்துகொள்ளலாம். பேக்ஸ்பேஸ் யாரிடம் போகிறதோ அவரோடு நல்லுறவு பேணுங்கள். தொகையை எழுதும் எண் பாகம் யாருக்கு என்பதில் மாத்திரம் மூவருக்கும் தகராறு வரக்கூடும். அப்படி வந்தால் பலகையைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சார்பதிவாளர் ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்
கணினி ஆசிரியன்